பறவைக்கு இடம் விடுதல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் சங்கத்து உறுப்பினர்களும் அவர்தம் மக்களும் எடுத்த பறவைப் படங்கள் இம்மண்டபத்தின் வாயிலை அடுத்த சுவரை அணி செய்கின்றன. உள்ளே வரும்போது கண்டிருப்பீர்கள். இயற்கைச் சூழலில் பறவைகளைக் கலைநயம் தோன்றப் படம் பிடிப்பது எவ்வாறு, பிடித்த படத்தைப் பின்னர்ச் செப்பனிடுவது எவ்வாறு என்று சில சொற்கள் கூறுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். சிறுவர் நாடகத்துக்கும் இசையரங்குக்கும் நடுவே ஒரு சொற்பொழிவுக்கு எத்துணைப் பொறுமை கிடைக்கும் என்பதை நாம் அறியாதவர் அல்லோம். ஆகவே வரலாற்றைச் சுருக்கி, செய்முறையையும் அதனுள் எழும் ஒரு வழக்கையும் சற்றே விரித்துப் பேச எண்ணுகிறோம்.

தில்லி என்றவுடன் நம்மவர் மனத்தில் தோன்றுவன அலுவலகமும் பேருந்து நெரிசலும், கோடையில் கூலரும், மார்கழியில் ரஜாயுமே. ஆனால் இந்நகரிலும் இதன் சுற்றுப்புறத்திலும் 400க்கு மேற்பட்ட பறவை இனங்கள் கண்டறியப்பட்டுள்ளன. ஒருபுறம் யமுனை, மறுபுறம் ஆரவல்லித் தொடரின் கடைக்கோடியாகிய பாறை மேடு, இடையே தோட்டங்களும் பழைய கல்லறை மாடங்களும். இமயத்துக்கு அப்பாலிருந்து குளிர்காலத்தில் இறங்கி வரும் பறவைகளின் வழியிலும் இவ்வூர் இருக்கிறது. காந்தியடிகளின் நண்பராகிய ஹொரேஸ் அலெக்சாண்டர் முதலியோர் முயற்சியால் 1950ஆம் ஆண்டிலேயே இங்குப் பறவை காண்போர் சங்கம் ஒன்று தோன்றிற்று. உஷா கங்குலி என்னும் அம்மையார் தில்லி வட்டாரப் பறவைகளைப் பற்றி எழுதிய கையேடு 1975இல் வெளிவந்தது. ஆதலின் பறவைப் படம் எடுக்க நாம் காடு தேடிச் செல்ல வேண்டுவதில்லை.

இக்கலைக்கு வயதும் அதிகமில்லை. 1892இல் இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் ஒரு பறவைக் கூட்டை முட்டைகளோடு படம் பிடித்தார்கள். பின்னர் அவர்களே உள்ளீடற்ற மாட்டுருவம் ஒன்று செய்து, அதன் வயிற்றுக்குள் மறைந்திருந்து பறவைகளை நெருங்கினார்கள். நம் நாட்டில் லோதர் என்பார் தாம் பறவைப் படம் எடுத்த அனுபவங்களை 1949இல் நூலாக்கினார். சிங்கப்பூர், மலேயாத் திரைப்படத் துறையில் பெயர் பெற்ற லோக் வான் தோ, நம் சாலிம் அலியோடு இந்நாட்டில் சுற்றிப் படங்கள் எடுத்தார். அவருடைய நூல் 1957இல் வந்தது. தமிழருள் முதலில் நினைக்கத் தக்கவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர், 1950 முதல் இறுதி வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கைக் குறிப்புகள் எழுதி வந்தவர், பத்மஸ்ரீ விருது பெற்றவர். வெவ்வேறு உறுப்புகளை இணைத்துத் தாமே உருவாக்கிய காமிராவைத் தோளில் சுமந்து திரிந்த அவர், கறுப்பு வெள்ளைப் படத்தையே பெரிதும் விரும்பினார். இவ்விருப்பத்தை முதுமையின் பிடிவாதம் என்று தள்ளிவிடலாகாது என்பது நம் கருத்து. வண்ணத்தை நீக்கிவிட்டால் படத்தில் எஞ்சுவன உருவமும் ஒளியும் இடமுமே. இம்மூன்றும் நன்கு அமையாத படம் வண்ணத்தின் பின்னே ஒளிந்துகொள்ளும். கறுப்பு வெள்ளையில் ஒளிய இடமில்லை. உங்கள் படம் ஒன்று நன்றாக அமைந்திருக்கிறதா என ஐயம் எழுமாயின், கணிப்பொறியில் ஒரு நொடி அதன் வண்ணத்தை நீக்கிப் பாருங்கள். விடை கிடைத்துவிடும்.

இனி, அமைப்பு என்றால் யாது?

தொடக்கத்தில் எல்லோரும் எடுக்கும் பறவைப் படம் ஒரே வகையாக இருக்கும். சட்டத்தின் நட்ட நடுவே பறவை. சுற்றிலும் எங்கோ ஓர் இடம். அலுவலகத்து அடையாள அட்டையில் நம் முகம் இருப்பதைப் போன்றது அது. இன்ன பறவை என்று அறிவதற்கு அதனால் பயன் உண்டு; அதனை இகழ வேண்டுவதில்லை. ஆனால் அப்பறவை எங்கே வாழ்கிறது, எந்தப் பொழுதில் எதன் பொருட்டு அங்கே நிற்கிறது என்பதை அது நமக்குச் சொல்வதில்லை. தமிழ் படித்தவர்க்கு இவ்வேற்றுமை புதிதன்று. தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுமிடத்துப் புள்ளையும் ஒன்றாக வைத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் வாழும் புள் கருப்பொருள். அவற்றோடு இயைந்து நிற்கும் உணர்ச்சி உரிப்பொருள். நெய்தற்பாட்டில் வரும் நாரையைக் கழியிலிருந்து பெயர்த்தெடுத்து வெறும் வெளியில் நிறுத்தினால் பாட்டு என்னவாகும்? படத்திலும் அதுவே ஆகிறது. எனவே கலைநயம் உள்ள பறவைப் படம் எடுக்க விரும்புவோர் முதலில் பறவையைத் தேடாமல் இடத்தைத் தேட வேண்டும் என்று சொல்வோம். ஒளி எங்கிருந்து விழுகிறது, பின்புலம் எவ்வளவு தொலைவில் அமைதியாக இருக்கிறது என்பவற்றைப் பார்த்து அமர்ந்துவிட்டால், பறவை தானே வந்து தன் இடத்தில் நிற்கும். சில நாள் வராமலும் போகும்.

இதனைப் பழகுவதற்குத் தில்லியில் மிகச் சிறந்த பள்ளிக்கூடம் பழைய கோட்டையை அடுத்த மிருகக்காட்சிச் சாலை. கூண்டுப் பறவைகளைக் கருதிச் சொல்லவில்லை. அச்சாலை 1959இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு முதலே அதன் குளங்களிலுள்ள திட்டு மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் தாமாக வந்து கூடு கட்டத் தொடங்கின. மழைக்காலத்தின் கடைப்பகுதியில் வந்து, குஞ்சு பொரித்து வளர்த்து, பங்குனி வாக்கில் பிரிந்து செல்லும் காட்டுப் பறவைகள் இவை. யாரும் பிடித்து வைக்கவில்லை. வெளியே நீர்நிலைகளுக்குப் பறந்து சென்று மீன் பிடித்து வந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த அன்பர்கள் கூந்தன்குளத்தில் இதே நாரையைக் கண்டிருப்பார்கள். நாரையைத் தூது விட்ட சத்திமுத்தப் புலவர் அதன் அலகுக்கு உவமை தேடுமுன் எவ்வளவு நேரம் அதனைப் பார்த்துக்கொண்டே நின்றிருப்பார் என்று நாம் எண்ணுவதுண்டு. அந்த நேரத்தைத்தான் காமிரா வைத்திருப்போர் பெரும்பாலும் செலவிடுவதில்லை.

நாரை நிற்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கண். கண்ணில் ஒரு துளி ஒளி தெறித்தால் பறவைக்கு உயிர் வரும். கண் தெளிவில்லையேல் மற்ற யாவும் தெளிந்திருந்தும் பயனில்லை. அடுத்து நம் உயரம். நின்றபடி குனிந்து நோக்கும் காமிரா, பறவையைத் தரையோடு ஒட்டிவிடும். மண்டியிட்டோ அமர்ந்தோ பறவையின் கண்மட்டத்துக்கு இறங்கினால், பின்புலம் வெகுதொலைவுக்கு விலகிச் சென்று மென்மையாகும். பறவை எத்திசை நோக்குகிறதோ அத்திசையில் சட்டத்துக்குள் இடம் விட வேண்டும். அலகு சட்டத்தின் விளிம்பை முட்டுமாயின், பார்ப்போர்க்குச் சுவரை நோக்கி நிறுத்தப்பட்ட பிள்ளையின் நினைவே வரும். நீருக்கும் கரைக்கும் இடையிலுள்ள கோடு நாரையின் கழுத்தை அறுப்பதுபோல் குறுக்கே ஓடலாகாது. ஒரு முழம் இடப்பக்கமோ வலப்பக்கமோ நாம் நகர்ந்தாலும், சற்றே தாழ்ந்தாலும் அது சரியாகிவிடும். நீரில் நிழல் விழுந்திருந்தால் நிழலின் அலகையும் சேர்த்துச் சட்டத்தில் அடக்க வேண்டும். பாதி நிழலை வெட்டிய படம் முடிவுறாத வாக்கியம் போல் நிற்கும்.

வெண்ணிறப் பறவைகள் ஒரு தனித் தொல்லை. காமிராவில் அமைந்த ஒளிமானி எதைக் கண்டாலும் இடைநிலைச் சாம்பல் நிறமாகவே கருதும் இயல்புடையது. கரிய நீரின் நடுவே ஒரு வெண்கொக்கு நின்றால், சட்டம் முழுவதும் இருட்டு என எண்ணி ஒளியை மிகுதியாக உள்ளே விடும். கொக்கின் இறகு வரிகள் யாவும் மறைந்து சுண்ணாம்புக் கட்டிபோல் ஆகிவிடும். அங்கே ஒளியை ஒரு படி குறைக்க வேண்டும். மார்கழி மூடுபனியிலோ இதற்கு நேர்மாறு. எங்கும் வெண்மையாக இருப்பதால் காமிரா ஒளியைக் குறைத்துப் பனியை அழுக்காக்கும். அங்கே ஒரு படி கூட்ட வேண்டும். இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் தில்லியின் குளிர்காலத்தில் பாதிப் படங்கள் பிழைக்கும்.

பறவையைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்னும் ஆவல் யாவர்க்கும் உண்டு. அதன் பொருட்டுப் பலர் வீட்டுக் கடனுக்கு நிகராகப் பொருள் செலவிட்டு நீண்ட லென்ஸ் வாங்குகிறார்கள். அவை பயன்படுவன என்பதில் ஐயமில்லை. தொலைவில் நின்று பறவைக்கு இடையூறின்றி எடுக்க உதவுகின்றன. ஆயினும் பறவை சிறிதாக இருக்கும் படமே சில வேளைகளில் பெரிய படம் ஆகிறது. பழைய கோட்டை மதிலின் மேலே வட்டமிடும் ஒரு பருந்தை எண்ணிப் பாருங்கள். சட்டத்தில் அது கடுகளவே இருக்கும். மதிலும் வானமும் முக்கால் பங்கைக் கொள்ளும். ஆனால் பருந்தை நீக்கிவிட்டால் அந்தப் படமே இல்லை. சுவரிலுள்ள படங்களில் மாசி மாதத்து இலவ மரப் படம் ஒன்று இவ்வகையில் நம் கண்ணைக் கவர்ந்தது. இலை யாவும் உதிர்ந்து, செம்மலர் மட்டும் நிறைந்த கிளைகளின் நடுவே மைனா ஒன்று மலருக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறது. நம் குடியிருப்பு மாடியிலிருந்து கைப்பேசியில் எடுத்ததாம். எடுத்தவர் ஒரு பள்ளி மாணவி என்று கேட்டு மகிழ்ந்தோம். நீண்ட லென்ஸ் வைத்திருக்கும் பெரியவர்கள் அப்படத்தின் எதிரே சிறிது நேரம் நிற்பது நன்று.

இனி யமுனைக் கரைக்கு வருவோம். வழக்கு என்று முதலில் குறிப்பிட்டது அங்கேதான் எழுகிறது.

காஷ்மீரி கேட்டை அடுத்த படித்துறையில் கார்த்திகை முதல் மாசி வரை விடியற்காலையில் காணும் காட்சி இப்போது உலகெங்கும் அறிந்த ஒன்று. கீழ்க்கரையில் செந்நிறமாய்க் கதிரவன், ஆற்றின்மேல் மூடுபனி, அதனூடே ஒரு படகு, படகைச் சூழ்ந்து நூற்றுக்கணக்கில் வெண்ணிறக் கடற்காகங்கள். திபெத்துப் பீடபூமியிலும் அதற்கு வடக்கேயும் உள்ள ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு அஞ்சி இறங்கி வருவன இவற்றுள் உண்டு. எதிர்வெளிச்சத்தில் எடுத்தால் பறவைகள் கரிய ஓவியமாகவும், சற்றே பக்கம் நகர்ந்தால் சிறகின் விளிம்பு பொன்னாகவும் தோன்றும். விநாடியில் 2000இல் ஒரு பங்கு என ஷட்டரை வைத்தால் ஒவ்வோர் இறகும் உறைந்து நிற்கும். 30இல் ஒரு பங்காக்கிக் காமிராவைப் பறவையோடு நகர்த்தினால் சிறகுகள் தூரிகைக் கோடுகளாகும். பெருங்கூட்டத்தில் பறவைமேல் பறவை மறைத்துக் குழப்பம் விளையும். ஆதலின் ஒரு பறவை கூட்டத்தைவிட்டு விலகித் தன் இரு சிறகையும் தெளிவாக விரிக்கும் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும். இவை யாவும் செய்தால் மிக அழகிய படம் கிடைக்கும். கிடைத்தும் இருக்கிறது, சுவரில் மூன்று உள்ளன.

ஆனால் அக்கூட்டம் படகைச் சூழ்வது ஏன்? படகோட்டியோ, படகில் இருப்பவரோ கடலைமாவுச் சேவையை வாரி வீசுகிறார். வீசும்போது பறவை போலக் குரல் கொடுக்கிறார். பறவைகள் எழுகின்றன, காமிராக்கள் முழங்குகின்றன. மீனும் பூச்சியும் தின்ன வேண்டிய பறவைக்கு உப்பும் எண்ணெயும் கலந்த தீனி ஏற்றதன்று. மேலும் அப்படத்தில் நாம் காண்பது விடியற்காலையில் இரை தேடும் கடற்காகமும் அன்று. சேவைக்குச் சண்டையிடும் கடற்காகம். படித்துறையில் பிழைப்பு நடத்தும் ஏழைப் படகோட்டியைக் குறை கூறுவது நம் கருத்தன்று. தீனி வீசுவது பக்தியாலும் நெடுநாள் வழக்கத்தாலும் நிகழ்வது. நாம் கேட்பது படம் எடுப்போரை. ஒரு சேவைப் பொட்டலமும் பிரிக்காமல், பனி விலகும் வரை காத்திருந்தால், அதே பறவைகள் நீரின்மேல் அமர்ந்து கழுத்தைப் பின்னே திருப்பி இறகு கோதும். ஒன்று எழுந்து மற்றொன்றின் இடத்தைப் பறிக்கும். நடுவே வெற்றிடம் விழும், மீண்டும் நிறையும். அதில் ஆரவாரம் குறைவு. அமைப்பு என்னும் கலை அங்கேதான் வேலை செய்ய இடம் இருக்கிறது என்போம். தீனி வீசி எடுத்த படம் பெரும்பாலும் ஒரே படம்தான். எடுத்தவர் பெயர் மட்டும் மாறும்.

ஆற்றோடு சற்றுக் கீழே செல்வோம். ஓக்லாவில் யமுனையைத் தடுத்து நிற்கும் அணையை ஒட்டி 1990இல் பறவைகள் சரணாலயம் அமைந்தது. நீர்க்கோழிகள், வாத்துகள், கொக்குகள், செந்நாரைகள் என்று குளிர்காலத்தில் அங்கே பஞ்சமில்லை. ஆனால் எப்பக்கம் திரும்பினாலும் உயரழுத்த மின்கம்பிகளும், நொய்டாவின் மாடிக் கட்டடங்களும் சட்டத்துக்குள் நுழைந்துவிடும். ஐப்பசியில் அணைக்குக் கீழே ஆற்றின்மேல் வெண்ணுரை மலைபோல் மிதக்கும். கழிவுநீரும் சோப்புப் பொருள்களும் கலந்த நீர் அணையிலிருந்து விழுந்து கலங்குவதால் எழும் நுரை அது. அந்நுரையின் நடுவே நெடுங்கால் உள்ளான் ஒன்று நிற்பதைப் படம் எடுத்தால், இமயத்துப் பனியில் நிற்பதுபோல் தோன்றும். எவ்வளவு அழகோ அவ்வளவு பொய். படத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாமலேயே பொய் சொல்ல முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டா.

இங்கே செப்பனிடுதலுக்கு வருகிறோம். பிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம். இப்போது ஒரு காலைப் பொழுதில் ஆயிரம் படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். ஆகவே முதற் செப்பம் தேர்வு. ஆயிரத்தில் பத்தை நிறுத்தி, மறுநாள் அப்பத்தில் ஏழை நீக்குவது கடினமான செயல். ஆனால் அதைச் செய்யாதவர்க்கு மற்ற செப்பங்கள் பயன் தருவதில்லை. அடுத்தது ஓரங்களை வெட்டுதல். நீளத்திலும் அகலத்திலும் பாதி வெட்டினால் படத்தின் புள்ளிகளில் கால் பங்கே எஞ்சும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். வெட்டும்போது பலர் பறவையை நோக்கி நெருங்கிக்கொண்டே சென்று, நாம் முன்பு விட்ட இடத்தையெல்லாம் பறித்துவிடுகிறார்கள். சாய்ந்த நீர்மட்டத்தை நேராக்கலாம். இருண்ட முகத்தைச் சற்றே வெளிச்சமாக்கலாம். பழைய இருட்டறையிலும் கையால் நிழல் கொடுத்து இதனைச் செய்தார்கள், அதில் குற்றமில்லை. பனங்காடையின் நீலத்தைத் துணிக்கடை விளக்கில் தெரியும் பட்டுப்போல் ஆக்குவது வேண்டா. பனங்காடைக்குத் தன் நீலமே போதும்.

வழக்கு எழுவது அடுத்த படியில். மின்கம்பியை அழிக்கலாமா? விளிம்பில் அறுந்த சிறகு நுனியை, இப்போது கணிப்பொறியே வரைந்து தருகிறதே, ஒட்டவைக்கலாமா? நிழற்படக் கலைக்கென உள்ள உலக அமைப்புகள் மூன்று ஒன்றுகூடி 2014இல் இயற்கைப் படத்துக்கு ஒரு பொது வரையறை செய்தன. ஓரம் வெட்டுவது தவிர, படத்திலுள்ள ஒன்றை நீக்குவதோ, இல்லாததைச் சேர்ப்பதோ, இடம் மாற்றுவதோ கூடாது என்பது அதன் சாரம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற போட்டியில் 2009இல் பரிசு பெற்ற ஓநாய்ப் படம், பழக்கிய விலங்கைக் கொண்டு எடுத்தது எனக் கருதப்பட்டு 2010இல் தள்ளப்பட்டது. 2017இல் பரிசு பெற்ற எறும்புண்ணிப் படத்திலிருந்தது பாடம் செய்த உடல் என முடிவு கண்டு 2018இல் அதுவும் தள்ளப்பட்டது. அவ்விரு படங்களிலும் அமைப்புக்குக் குறைவில்லை. குறை வேறிடத்தில் இருந்தது.

‘போட்டிக்கு அனுப்பவில்லை, வீட்டுச் சுவரில் மாட்டத்தானே’ என்று சிலர் கேட்கலாம். வீட்டுச் சுவரில் மாட்டும் படத்தை நம் பேரப் பிள்ளைகள் பார்ப்பார்கள். ஓக்லாவில் மின்கம்பியே இல்லாத வானத்தில் நாரை பறந்தது என்று அவர்கள் நம்புவார்கள். கம்பி கண்ணை உறுத்துமாயின், கம்பி விழாத கோணத்தைத் தேடி நாம் நடக்கலாம், அது அமைப்பு. கிடைக்கவில்லையேல் கம்பியையே அமைப்பில் ஒன்றாக்கலாம். ஐந்து கோடுகளின் மேல் கரிச்சான்கள் அமர்ந்திருக்கும் படத்தை யார் வெறுப்பார்? வீட்டுக்கு வந்து அமைதியாக அழிப்பதை மட்டும் நாம் ஒப்புவதற்கில்லை. இட்டு ஒட்டிய சிறகு நுனியோ அதனினும் தீது. பறவையின் பெரிய இறகுகளை எண்ணி, அவற்றுள் உதிர்ந்தது எது, முளைப்பது எது என அறிஞர் அதன் வயதைக் கணிக்கிறார்கள். கணிப்பொறி வரைந்த இறகு எந்தப் பறவையின் உடலிலும் முளைத்ததன்று.

இன்னொரு சிறு செய்தி. நம் ஊரின் கார்த்திகைக் காற்று மஞ்சள் படிந்த புகை. அதிலே எடுத்த படத்தைக் கணிப்பொறி ஒரு பொத்தானில் தெளிவாக்கி நீலவானம் தந்துவிடும். மூடுபனியின் மங்கலைச் சிறிது குறைப்பதும், நகரத்தின் புகையை முழுதும் துடைப்பதும் கணிப்பொறிக்கு ஒரே வேலை. நமக்கு அப்படி இல்லை. அளவு எது என்று கேட்பீராயின், நாம் நின்ற இடத்தில் கண்ட நிறத்தை நினைவுகூர்ந்து அங்கே நிறுத்துங்கள் என்பதற்கு மேல் விதி கூற இயலாது.

மேற்சொன்ன வரையறையில் மனிதன் செய்த பொருள்கள் இயற்கைப் படத்தில் வரலாகாது என்றும் ஒரு விதி உண்டு; மனிதர் மாற்றிய சூழலில் வாழப் பழகிவிட்ட நாரை, கூகை போன்றவற்றுக்கு அதிலேயே விலக்கும் அளித்திருக்கிறார்கள். தில்லிப் பறவைகள் பெரும்பாலும் அவ்விலக்கில்தான் வாழ்கின்றன. மிருகக்காட்சிச் சாலை நாரையும் படித்துறைக் கடற்காகமும் நம்மோடு ஊரைப் பங்கிட்டுக்கொண்டவை. ஆகவே நம் படங்களில் மதிலும் படகும் கம்பியும் வருவதற்கு நாணவேண்டியதில்லை.

கூட்டைப் பற்றி ஒரு வார்த்தை கூறாமல் முடிக்க இயலாது. பழைய காலத்தார் கூட்டருகே படம் எடுத்ததற்குக் காரணம் உண்டு. அவர்களுடைய தகடுகள் மெதுவானவை; லென்ஸ் குட்டையானவை; பறவை நிச்சயமாகத் திரும்பி வரும் இடம் கூடு ஒன்றே. இன்று அக்காரணம் இல்லை. குஞ்சு நன்கு தெரியும் பொருட்டு மறைக்கும் இலைகளை ஒதுக்கிக் கட்டினால், வெயிலும் காக்கையும் அவ்வழியே உள்ளே வரும். நம் நாட்டின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதை வேட்டை என்னும் சொல்லின் பொருளிலேயே அடக்கியிருக்கிறது. பால்கனித் தொட்டியில் கூடு கட்டிய கொண்டைக்குருவியாயினும், அறைக் கண்ணாடிக்குப் பின்னிருந்து பார்ப்பதோடு நிற்பது நன்று. இவ்வாண்டு வந்த படங்களில் கூட்டுப் படங்கள் இரண்டு இருந்தன. விழாக் குழுவினர் அவற்றைச் சுவரில் வைக்கவில்லை. எடுத்த இளைஞர்கள் வருந்த வேண்டா. இருவருக்கும் ஒளியைக் கையாளும் திறன் நன்கு அமைந்திருக்கிறது. மாசியில் இலவம் பூத்ததும் அதனை அங்கே காட்டலாம். அல்லது சுல்தான்பூருக்குச் செல்லலாம். 1991 முதல் தேசியப் பூங்காவாக உள்ள அவ்வேரிக் கரையில் குளிர்காலத்து வரித்தலை வாத்துகள் காலையொளியில் நிற்கும்.

இறுதியாக விழாக் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு சிறு அட்டை வைக்கச் செய்யுங்கள். அதில் எடுத்தவர் பெயரும், பறவையின் தமிழ்ப் பெயரும் இருக்கட்டும். பிள்ளைகளுக்குத் தெரியாவிடில் வீட்டிலுள்ள தாத்தா பாட்டியரைக் கேட்கலாம். பனங்காடை, கரிச்சான், நீர்க்கோழி என்று அவர்களிடம் பெயர்கள் நிறைய உள்ளன. அதன்பின் இடம், மாதம், நேரம். தீனி வீசியிருந்தால் ‘தீனி இடப்பட்டது’ என்று ஒரு வரி. நுரையாயின் ‘நுரை’. எதையேனும் அழித்திருந்தால் ‘மேலே ஒரு மின்கம்பி நீக்கப்பட்டது’. இத்துணையும் நான்கு விரல் அகல அட்டையில் அடங்கும். இப்போதுள்ள மூன்று கடற்காகப் படங்களுக்கும் அவற்றை எடுத்த அன்பர்கள் இசைந்தால் இன்றே அட்டை எழுதிவிடலாம். எழுதுகோல் நம்மிடம் இருக்கிறது.